பேய் வரும் கதையும் பேய் ஓடும் கதையும்

அண்மையில் மீமிசலில் ஒரு நிக்காஹ் வீட்டுக்குச் சென்றிருந்தேன். இஷாத் தொழுகை முடிந்து விருந்தினர் பந்தலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்த வேளையில் மின்சாரம் நின்றுபோயிற்று. இருள் வந்தால் அதன் பின்னாலேயே கதையும் வந்துவிடும் அல்லவா? கடலோரச் சேற்று வெளியில் இரவில் எரிந்து அலையும் கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றி ஒருவர் தொடங்கினார். சிறுவர்கள் ஒருவரை ஒருவர் நெருங்கி அமர்ந்தனர். அவர்களுள் ஒரு பெண்பிள்ளை மட்டும் அச்சம் ஏதுமின்றி, அந்த வெளிச்சம் எந்தத் திசையில் போகும், எல்லா இரவிலும் வருமா, கண்ணால் கண்டவர் யார் என்று கேள்விமேல் கேள்வியாக அடுக்கினாள்.

அவளுடைய தந்தை என்னிடம் குறைபட்டுக்கொண்டார். “சிங்கப்பூரிலிருந்து இவள் மாமா கொண்டுவந்த இங்கிலீஷ் நாவல்களைப் படித்துப் படித்து இப்படி ஆகிவிட்டாள், அண்ணே. எல்லாம் பேயும் கொலையும். இதெல்லாம் படிப்பது ஈமானுக்குக் கேடில்லையா?”

நான் விடை சொல்லுமுன் பக்கத்திலிருந்த முதியவர் ஒருவர் சிரித்தார். “தம்பி, அந்தக் கொள்ளிவாயிலே பாதி, ராத்திரி கரையிலே சரக்கு இறக்கினவன் கையிலிருந்த அரிக்கேன் விளக்கு. பிசாசு என்று சொல்லிவைத்தால் ஒருத்தனும் வீட்டைவிட்டு வெளியே வரமாட்டானே!”

அந்த முதியவர் ஆங்கிலத்தில் ஓரெழுத்தும் அறியாதவர். ஆயினும், அமானுஷ்யச் சாயல் கொண்ட ஆங்கிலக் கிராமத்து மர்மக் கதைகளின் உயிர்நிலை எதுவோ அதனை இரண்டே வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். அதனைச் சற்று விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

1915ஆம் ஆண்டில் ரஸ்ஸல் தார்ன்டைக் என்பார் ‘டாக்டர் சின்’ என்றொரு நாவலை வெளியிட்டார். இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள ரோம்னி சதுப்பு நிலமே அதன் களம். இரவில் அச்சதுப்பில் ஒளி வீசும் உருவங்கள் குதிரைமீது பாய்ந்து செல்கின்றன. ஊரார் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்குகின்றனர். உண்மையில் அவ்வுருவங்கள் தீர்வை கட்டாமல் சரக்குக் கடத்துவோர். அவர்களுக்குத் தலைவனாக இருப்பவரோ, ஞாயிறுதோறும் மேடையேறி அவ்வூர் மக்களுக்கு உபதேசம் செய்யும் பாதிரியார்! மீமிசல் முதியவரின் அரிக்கேன் விளக்கும் ரோம்னியின் பேய்க்குதிரையும் ஒரே தொழிலின் இரண்டு கருவிகள் என்பதில் ஐயமுண்டோ?

இவ்வகைக் கதைகளுள் தலைசிறந்தது ஆர்தர் கோனன் டாயில் எழுதிய ‘பாஸ்கர்வில் வேட்டைநாய்’. 1901, 1902 ஆண்டுகளில் ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் தொடராக வெளிவந்து உலகெங்கும் பரவிய கதை அது. டார்ட்மூர் என்னும் பொட்டல் வெளி, மனிதரையும் குதிரையையும் விழுங்கும் புதைசேறு, ஒரு குடும்பத்தைத் தலைமுறை தலைமுறையாகத் துரத்துவதாகச் சொல்லப்படும் பேய்நாய். அந்த நாயின் வாயிலிருந்து தீ பறக்கிறது. நம் மக்கள் அதனைக் கண்டிருந்தால் ஒரு கணமும் தயங்காமல் கொள்ளிவாய் என்றே பெயரிட்டிருப்பார்கள். இறுதியில் நாய் உண்மையான நாயே. தீ, அதன் முகத்தில் பூசப்பட்ட ஒளிரும் இரசாயனம். பூசிய கை, சொத்தின்மீது கண்வைத்த அண்டை வீட்டுக்காரனின் கை.

இக்கதையில் ஷெர்லாக் ஹோம்ஸ் மேற்கொள்ளும் நிலை கூர்ந்து நோக்கத்தக்கது. பேய் என்பதே இல்லை என்று அவர் சூளுரைப்பதில்லை. இயற்கையின் விதிகளுக்கு அப்பாற்பட்ட ஒன்று இங்கே செயற்படுமாயின் தமக்கு இதில் வேலையில்லை என்று ஒப்புக்கொள்கிறார். ஆனால், ஏனைய விளக்கங்கள் அனைத்தையும் ஆராய்ந்து தீர்த்த பின்னரே அந்த முடிவுக்கு வரவேண்டும் என்கிறார். இது நாத்திகமன்று. இதற்குச் சரியான பெயர் பொறுப்புணர்ச்சி.

இத்தகைய கதைக்குக் கிராமம் ஏன் வேண்டும்? அகதா கிறிஸ்டி 1930இல் வெளியிட்ட ‘பாதிரியார் இல்லத்துக் கொலை’ என்னும் நாவலில் மிஸ் மார்பிள் என்ற முதுகன்னியை முதன்முதலாக ஒரு முழு நாவலில் உலவவிட்டார். செயின்ட் மேரி மீட் என்னும் சிற்றூரைவிட்டு அதிகம் நகராதவர் அவர். தோட்டத்தில் களை பறித்துக்கொண்டே தெருவைக் கவனிப்பதும், புதிதாகச் சந்திப்பவரைத் தம் ஊரில் முன்பு கண்ட ஒருவரோடு ஒப்பிடுவதுமே அவருடைய துப்பறியும் முறை. நம் ஊர்களிலும் ஒவ்வொரு தெருவிலும் இப்படியொரு மூதாட்டி இருப்பதை யார் மறுக்க இயலும்? யார் வீட்டுக்கு யார் வந்தார், எந்தப் பெண்ணின் நகை எந்தக் கடைக்குப் போயிற்று என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நகரத்தில் குற்றம் செய்தவன் கூட்டத்தில் மறைந்துகொள்கிறான். எல்லாரும் எல்லாரையும் அறிந்த கிராமத்தில் அவன் மறைவதற்குக் கூட்டம் இல்லை. ஆகவே ஊரின் பழங்கதைக்குள் போய் மறைந்துகொள்கிறான். பாழடைந்த மாளிகை, பழைய சாபம், ஆவியின் குரல் ஆகியவை அவனுக்குப் போர்வையாகின்றன. அந்தப் போர்வை மெல்ல விலகும் வேகத்தில்தான் வாசகனுடைய இன்பம் இருக்கிறது. முதலில் நடுங்குகிறோம், பிறகு ஐயுறுகிறோம், இறுதியில் தெளிகிறோம். அச்சத்தில் தொடங்கி அறிவில் முடியும் இப்பயணமே இக்கதைகளின் கவர்ச்சிக்குக் காரணம் என்பது என் துணிபு.

இனி, நண்பரின் கேள்விக்கு வருவோம். ஈமானுக்குக் கேடா?

வியப்பான செய்தி ஒன்றை இங்கே கூறவேண்டும். துப்பறியும் கதையிலிருந்து அமானுஷ்யத்தை அறவே விலக்கவேண்டும் என்று 1929இல் விதி வகுத்தவர் ஒரு நாத்திகர் அல்லர். ரொனால்ட் நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார். 1911 முதல் நூல்களாக வெளிவந்த தம் கதைகளில் ஃபாதர் பிரவுன் என்ற பாதிரியாரைத் துப்பறிபவராகப் படைத்த செஸ்டர்ட்டனும் ஆழ்ந்த சமயப் பற்றாளர். மாயம், மந்திரம், சாபம் என்று சுற்றியுள்ளோர் அனைவரும் மயங்கி நிற்கையில், அந்தப் பாதிரியார்தாம் நிதானமாக மனிதனின் கைவேலையைச் சுட்டிக்காட்டுகிறார். மறைவானவற்றை நம்பும் ஒருவர், மறைவின் பெயரால் மனிதன் நடத்தும் மோசடியை ஒப்புக்கொள்ள மறுப்பதில் முரண்பாடு ஏதுமில்லை. உண்மையான நாணயத்தின் மதிப்பை அறிந்தவனுக்குத்தானே கள்ள நாணயத்தின்மேல் கோபம் வரும்?

நம் மார்க்கத்தின் நிலை இன்னும் தெளிவானது. ஜின்கள் உண்டு என்பது நம் நம்பிக்கை. ஆயினும் மறைவான ஞானம் அல்லாஹ் ஒருவனுக்கே உரியது. ஸபஉ அத்தியாயத்தில் நபி சுலைமான் (அலை) அவர்களின் மறைவு கூறப்படுகிறது. கைத்தடியில் சாய்ந்த நிலையிலேயே அவர்கள் உயிர் நீத்தார்கள். அவர்களுக்கு ஏவல் செய்துவந்த ஜின்கள் அதனை அறியாமல் தொடர்ந்து உழைத்துக்கொண்டிருந்தன. மண்ணிலுள்ள ஒரு சிற்றுயிர் அத்தடியை அரித்துத் தின்று, அவர்களின் உடல் கீழே சாய்ந்த பிறகே உண்மை வெளிப்பட்டது. மறைவானவை தங்களுக்குத் தெரிந்திருந்தால் அந்த இழிவான வேதனையில் இருந்திருக்கமாட்டோம் என்பதை ஜின்கள் உணர்ந்தன என்று திருமறை கூறுகிறது. கண்முன் நின்ற ஒருவரின் மரணத்தையே அறியாத ஜின்னைக் கையில் வைத்திருப்பதாகச் சொல்லி, களவுபோன நகையைக் காட்டித்தருகிறேன் என்று காசு கேட்பவனை நாம் என்னவென்பது?

மற்றொரு நிகழ்ச்சி நம் உள்ளத்தை உருக்குவது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சிறு மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அந்த இறப்புக்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசினர். ஒரு போலித் தலைவனுக்கு இதைவிடப் பெரிய வாய்ப்பு எங்கே கிடைக்கும்? வாய்மூடி இருந்தாலே போதுமே! ஆனால் மகனை இழந்த துயரத்தின் நடுவிலும் நாயகம் (ஸல்) அவர்கள், சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகள். எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவை கிரகணம் அடைவதில்லை என்று விளக்கி, மக்களைத் தொழுகையின் பக்கம் திருப்பினார்கள். அற்புதத்தை அடக்கமாக மறுப்பதும் நுபுவ்வத்தின் ஓர் அடையாளம் என்பதை இதிலிருந்து நாம் கற்கிறோம்.

அவ்வாறாயின், ஆங்கில மர்மக் கதைகள் யாவும் குறையற்றவையா? அல்ல. அவற்றை எழுதியவர்களும் தம் கதை கற்பித்த பாடத்தை எப்போதும் கடைப்பிடித்தார்கள் என்பதற்கில்லை. ஹோம்ஸைப் படைத்த டாயிலே 1916இல் ஆவிகளோடு பேசும் இயக்கத்தில் தமக்குள்ள நம்பிக்கையை வெளிப்படையாக அறிவித்தார். 1918இல் மகன் கிங்ஸ்லியை இழந்தபின் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அதற்கே செலவிட்டார். முதல் உலகப்போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோர் நாடெங்கும் ஆவியழைக்கும் மேசைகளைச் சுற்றி அமர்ந்திருந்த காலம் அது. அந்தச் சூழலை மனத்திற்கொண்டு கிறிஸ்டியின் ‘சிட்டாஃபோர்ட் மர்மம்’ (1931) என்ற நாவலைப் படித்தால் அதன் துணிவு புலப்படும். பனி மூடிய சிற்றூரில் பொழுதுபோக்காக ஆவியை அழைக்கிறார்கள். மேசை அசைந்து ஒரு கொலையை அறிவிக்கிறது. கொலையும் உண்மையாகவே நடந்திருக்கிறது. மேசையை அசைத்தது யார் என்று கேட்கத் துணிந்தவருக்கே அங்கு உண்மை கிட்டுகிறது.

இன்னொரு குறை நம்மை நேரடியாகத் தொடுவது. இந்தக் கதைகளில் வெளிநாட்டான், அதிலும் கீழைநாட்டான், எடுத்த எடுப்பிலேயே சந்தேகத்துக்குரியவன். வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘சந்திரகாந்தக் கல்’ என்னும் நாவலில், இங்கிலாந்தின் கிராமத்து மாளிகை ஒன்றை ஒரு வைரத்தின் சாபம் தொடர்கிறது. அந்த வைரம் எங்கிருந்து வந்தது? 1799இல் ஸ்ரீரங்கப்பட்டினம் வீழ்ந்தபோது, ஷஹீது திப்பு சுல்தானின் ஆயுதசாலையிலிருந்து ஓர் ஆங்கில அதிகாரி காவலர்களைக் கொன்று கவர்ந்து சென்றது என்று கதை தொடங்குகிறது. மாளிகையைச் சுற்றி மூன்று இந்தியர் அலைகின்றனர். எல்லார் கண்ணும் அவர்கள்மீதே. ஆனால் மாளிகையிலிருந்து அதைத் திருடியவன், தருமசங்கங்களில் சொற்பொழிவாற்றும் ஓர் ஆங்கிலக் கனவான்! சாபம் என்று அவர்கள் அஞ்சியது உண்மையில் தீர்க்கப்படாத கொள்ளையின் கணக்கே. பிற்காலத்தில் வந்த எழுத்தாளர் பலர் காலின்ஸின் இந்த நேர்மையை விட்டுவிட்டு, கறுத்த முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டனர். நம் பிள்ளைகள் இவ்வேறுபாட்டை அறிந்து படிக்கவேண்டும். பெற்றோர் அருகிருந்து சொல்லிக்கொடுக்கவேண்டும்.

தமிழுக்கு வருவோம். பேய்க்கும் துப்புக்கும் இடையே வாசகரை ஊசலாடவிட்ட தமிழ்க் கதைகளுள் சுஜாதாவின் ‘கொலையுதிர் காலம்’ முதன்மையானது. 1980களின் தொடக்கத்தில் குமுதம் இதழில் அது தொடராக வந்தபோது, அடுத்த வார இதழுக்குக் காத்திருந்த வீடுகள் பல. பேயுருவம் தோன்றும் தோட்டத்து வீடு ஒன்றில் வழக்கறிஞர் கணேஷையும் வசந்தையும் கொண்டுபோய் நிறுத்தி, ஹோலோகிராம் என்னும் முப்பரிமாண ஒளிப்பட நுட்பத்தைத் தமிழ் வாசகருக்கு அறிமுகம் செய்தார் ஆசிரியர். டாயில் நாயின் முகத்தில் பூசிய ஒளியை சுஜாதா வெறுங்காற்றில் வரைந்தார் எனலாம். காலத்துக்கேற்ப பேய் தன் கருவியை மாற்றிக்கொள்கிறது. அதன் பின்னாலிருக்கும் பேராசை மாறுவதில்லை.

1990களின் பிற்பகுதியில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத்தில், நாகா இயக்கத்தில், சன் தொலைக்காட்சியில் வந்த ‘மர்ம தேசம்’ தொடரின் ‘விடாது கருப்பு’ பகுதியை நம் இல்லங்களிலும் பலர் பார்த்திருப்பர். கிராமத்தில் தவறு செய்தவரைக் காவல் தெய்வம் தண்டிக்கிறது என்ற நம்பிக்கை ஒருபுறம். பிளவுபட்ட மனத்தைப் பற்றிய மருத்துவ விளக்கம் மறுபுறம். பிற சமயத்தாரின் நம்பிக்கைக்குத் தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. கதைக்கலையை மட்டும் நோக்கினால், மருத்துவத்தையும் நம்பிக்கையையும் ஒரே களத்தில் எதிரெதிரே நிறுத்திய துணிவு பாராட்டுக்குரியது. இரண்டு கதவுகளையும் திறந்தே வைத்திருக்கும் ஆசை அதன் வலிமையும் ஆயிற்று, குறையும் ஆயிற்று. அதன் வெற்றியைக் கண்டு பின்னர் வந்த தொடர்கள் பலவற்றில் மருத்துவர் மறைந்தார். மாந்திரீகர் மட்டும் எஞ்சினார். பேய் வரும் கதைகள் பெருகின; பேய் ஓடும் கதைகள் அருகின.

நம் சமுதாயத்துக்குள்ளிருந்து இந்தக் கேள்வியை எழுப்பியவர் தோப்பில் முஹம்மது மீரான். 1988இல் நூலாக வந்த அவரது ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ துப்பறியும் கதையன்று. ஆயினும் கடலோரச் சிற்றூர், அதன் பழங்கதைகள், அற்புதம் செய்வதாகச் சொல்லிக்கொண்டு வந்து சேரும் தங்ஙள், ஆங்கிலப் பள்ளி வருவதை எதிர்க்கும் முதலாளி என்று மர்மக் கதைக்கு வேண்டிய அனைத்தும் அதிலுண்டு. இல்லாதது ஒன்றே: கேள்வி கேட்டு முடிச்சை அவிழ்க்கும் மிஸ் மார்பிள் அந்த ஊரில் இல்லை. வாசகரே அப்பணியை ஏற்கவேண்டியிருக்கிறது. அந்நூல் வந்த காலத்தில் சிலருக்குக் கசந்தது. கசப்புக்குக் காரணம், அது மார்க்கத்தைத் தாக்கியது என்பதன்று. போர்வையை விலக்கியது என்பதே.

போர்வை விலகாவிட்டால் என்ன நேரும்? கதையில் நேர்வதை விடுவோம். மீமிசலிலிருந்து இதே கடற்கரையோரமாகத் தெற்கே சென்றால் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடி வருகிறது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில் அங்கே தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. மனநோயுற்ற 28 பேர் மாண்டனர். தீயைக் கண்டு அவர்கள் ஓட இயலவில்லை, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். பல சமயத்தாரும் நேர்ந்துகொண்டு வரும் அத்தலத்தைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ‘பிடித்திருக்கிறது’ என்ற ஒரே சொல்லோடு விசாரணையை முடித்துக்கொண்ட குடும்பங்களும், அச்சொல்லை வைத்துக் கொட்டகை போட்டுப் பிழைத்தவர்களும், கண்டும் காணாதிருந்த நாமும் அந்தத் தீக்குப் பொறுப்பில்லையா? ஹோம்ஸ் சொன்ன முறைப்படி, ஏனைய விளக்கங்களை முதலில் ஆராய்ந்திருந்தால், மருத்துவரிடம் முதலில் போயிருந்தால், அவர்களுள் எத்தனை பேர் இன்று வீட்டில் இருந்திருப்பார்கள்?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றைக் கூறி முடிக்கிறேன். கிறிஸ்டி 1961இல் ‘வெளிறிய குதிரை’ என்ற நாவலை எழுதினார். ஒரு கிராமத்துப் பழைய விடுதியில் மூன்று பெண்கள் மந்திரத்தால் மனிதரைக் கொல்வதாக ஊர் நம்புகிறது. முடிச்சை அவிழ்த்துவிடுவதற்கு வாசகர் பொறுத்தருள்க: கொன்றது மந்திரமன்று, தாலியம் என்னும் நஞ்சு. நோயாளிகளின் தலைமுடி உதிர்வதே துப்பாகிறது. 1977இல் அரபுநாடான கட்டாரிலிருந்து, இரண்டு வயதும் நிரம்பாத பெண்குழந்தை ஒன்று நோய் இன்னதென்று விளங்காத நிலையில் லண்டன் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டது. மருத்துவர்கள் திகைத்து நின்றனர். குழந்தையைப் பார்த்துக்கொண்ட செவிலிப்பெண் அப்போது படித்துக்கொண்டிருந்த நூல் ‘வெளிறிய குதிரை’. குழந்தையின் முடி உதிர்வதைக் கண்ட அவர், இது தாலியமாக இருக்கலாமோ என்று கேட்டார். சோதித்தனர், அதுவே என்று தெரிந்தது. வீட்டில் பூச்சிகளை ஒழிக்க வைத்த மருந்திலிருந்து குழந்தையின் உடலில் நஞ்சு சேர்ந்திருக்கிறது. உரிய சிகிச்சை தரப்பட்டது, குழந்தை தேறியது. கிறிஸ்டி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகிவிட்டார். அவர் எழுதிய ‘பேய்க் கதை’ ஒரு முஸ்லிம் நாட்டுக் குழந்தையின் உயிரைக் காக்க அல்லாஹ் ஆக்கிய காரணங்களுள் ஒன்றாயிற்று.

எனவே, மீமிசல் நண்பருக்கு என் விடை இது: உங்கள் மகள் படிக்கும் நூலில் பேய் வருகிறதா என்று பார்க்கவேண்டாம், இறுதிப் பக்கத்தில் பேய் ஓடுகிறதா என்று பாருங்கள். நூலை மூடும்போது அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டு நடுங்கினால் அதனை வாங்கி வையுங்கள். இந்த அச்சத்தால் ஆதாயம் அடைபவன் யார் என்று அவள் கேட்டால், அடுத்த நூலையும் வாங்கிக் கொடுங்கள். அன்று பந்தலில் மின்சாரம் மீண்டபோது எல்லாரும் பேச்சை விட்டுவிட்டுப் பந்திக்கு எழுந்தார்கள். அந்தப் பிள்ளை மட்டும் முதியவர் அருகே சென்று, சரக்கு இறக்கியவர்கள் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

அஞ்சவேண்டியவனுக்கு மட்டுமே அஞ்சி, அறியவேண்டியவற்றை அஞ்சாது கேட்டறியும் தலைமுறையாக நம் மக்களை வல்ல நாயன் ஆக்கியருள்வானாக, ஆமீன்.